தாழும் பிறேக்கு மிதி: பழைய கார் வைத்திருக்கும் கமக்காரருக்குச் சில விளக்கங்கள்

நெல்லையும் மரக்கறியையும் விளைவித்தலோடு கமக்காரரின் வேலை முடிந்துவிடுவதில்லை. விளைந்த பொருளை வாடாமலும் நசியாமலும் உரிய நேரத்திற் சந்தைக்குச் சேர்த்தால் மாத்திரமே உழைப்புக்கு ஏற்ற விலை கிடைக்கும். இதற்கெனச் சொந்த வாகனம் வைத்திருப்போர் பலர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்கள் இன்றும் ஓடுகின்றன. சுன்னாகம், திருநெல்வேலி, கொடிகாமம் ஆகிய சந்தைகளுக்கு வெங்காயமும் கத்தரியும் வாழைக்குலையும் ஏற்றிச் செல்வதற்கு இவற்றைப் பயன்படுத்துவோரும் உளர்.

இத்தகைய கார்களின் இயந்திரத்தைப் பற்றிக் கமக்காரர் பெரும்பாலும் நன்கு அறிவர். 1990களிற் குடாநாட்டிற் பெற்றோல் கிடையாத காலத்தில் அவர்கள் இக்கார்களை மண்ணெண்ணெயிலும் ஓட்டினர். ஆயினும் பிறேக்குப் பற்றிய அறிவு அந்த அளவுக்குப் பரவவில்லை. இயந்திரம் பழுதுபட்டால் வண்டி நின்றுவிடும். பிறேக்குப் பழுதுபட்டாலோ வண்டி நிற்காது. இவ்வேறுபாட்டை எக்காலத்தும் மறத்தலாகாது.

அதிகாலையிற் சந்தைக்குப் புறப்படும் ஒருவர் பிறேக்கு மிதியை அழுத்துகின்றார். அது வழக்கத்திலும் பார்க்கக் கீழே செல்கின்றது. இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்ததும் உயர்ந்து இறுகுகின்றது. “பிடிக்கிறதுதானே” என்று எண்ணி அவர் பயணத்தைத் தொடர்கின்றார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்லும். மும்முறை மிதிப்பதற்கு 2 செக்கன் கழியுமாயின், பிறேக்குப் பிடிக்கத் தொடங்குமுன்னரே வண்டி 28 மீற்றர் ஓடிவிடும். ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளை சைக்கிளில் வெளிப்பட்டால் அந்த 28 மீற்றருக்கு எவரும் ஈடு செய்ய இயலாது.

பலமுறை மிதித்தல் குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது. மிதி எவ்விதமாகத் தாழ்கின்றது என்பதை உற்றுக் கவனித்தால், குறை எங்கேயுள்ளது என்பதை அதுவே காட்டும். நெற்பயிர் மஞ்சளித்தவுடன் அனுபவமுள்ள கமக்காரர் உரத்தை அள்ளி வீசுவதில்லை. முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் நைதரசன் குறைவையும், இளம் இலைகள் முதலில் மஞ்சளித்தாற் கந்தகக் குறைவையும் அவர் ஐயுறுவார். பிறேக்கிலும் குறியறிந்த பின்னரே மருந்து தேடல் வேண்டும்.

பிறேக்கு வேலை செய்யும் முறை

1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் காரை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் நான்கு சில்லுகளிலும் டிறம் வகைப் பிறேக்கே உண்டு. சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே, மாஸ்ரர் சிலிண்டர் அமைந்துள்ளது. மிதியை அழுத்தும்போது அதனுள்ளிருக்கும் பிஸ்ரன் பிறேக்கு ஒயிலை முன்னே தள்ளுகின்றது. அவ்வமுக்கம் உருக்குக் குழாய்களினூடாகவும் றப்பர்க் குழாய்களினூடாகவும் ஒவ்வொரு சில்லிலுமுள்ள சிறு சிலிண்டர்களைச் சென்றடைகின்றது. அங்கு பிறேக்குச் சூக்கள் விரிந்து, சுழலும் டிறத்தின் உட்பக்கத்தை உராய்ந்து சில்லை நிறுத்துகின்றன.

திரவம் எளிதில் நெருங்காத தன்மையுடையது. ஆகையாற் காலின் விசை குறையாமற் சில்லுக்குச் செல்கின்றது. காற்றோ நெருங்கும். ஒயிலினிடையே சிறு காற்றுக் குமிழி இருந்தாலும், காலின் விசை முதலில் அக்குமிழியை நெருக்குவதிலேயே செலவாகும்.

இக்காரின் நான்கு சில்லுகளுக்கும் ஒரே மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து ஒரே வழியாகவே அமுக்கம் செல்கின்றது. பிற்காலக் கார்களில் இவ்வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருத்தலால், ஒன்று கெடினும் மற்றையது ஓரளவு உதவும். மொறிஸ் மைனரில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளின் பிறேக்கும் ஒருங்கே அற்றுப்போகும். எஞ்சியிருப்பது கம்பி மூலம் பின்சில்லுகளை மாத்திரம் பிடிக்கும் கைப் பிறேக்கு ஒன்றே.

சோதனைக்கு முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது மரக்கட்டை வைத்தல் வேண்டும். தரைவிரிப்பை அகற்றி, மாஸ்ரர் சிலிண்டரின் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பின்னரே மூடியைத் திறக்கலாம். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் அது றப்பரைக் கீறிவிடும். ஒயில் வாயிலிருந்து ஏறத்தாழ அரை அங்குலம் கீழே நிற்றல் முறை. மூடியிலுள்ள சிறு காற்றுத் துவாரம் அடைபடாதிருக்கின்றதா என்பதையும் பார்த்தல் நன்று.

ஒயில் குறைந்திருந்தால் உடனே நிரப்பிவிட்டு விடயத்தை மறந்துவிடுதல் தவறு. வயலில் நீர் வற்றும்போது கமக்காரர் நீரை மாத்திரம் பாய்ச்சிக்கொண்டிருப்பதில்லை. வரம்பில் நண்டு வளை உண்டா என்று தேடுவார். பிறேக்கு ஒயில் மூடிய குழாய்களுக்குள் நிற்பது. இயந்திர ஒயில்போல எரிந்து குறைவதன்று. லைனிங் தேயுந்தோறும் அதன் மட்டம் மிகச் சிறிதே தாழும். அதற்குமேற் குறைந்தால் அது எங்கோ ஒழுகுகின்றது என்பதே பொருள்.

மிதி காட்டும் நான்கு குறிகள்

இயந்திரத்தை ஓடவிடாது, மிதியைச் சீரான விசையுடன் அழுத்திப் பின்வரும் குறிகளைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது குறி: மிதி பஞ்சுபோல் அமிழ்தல். காலை அழுத்தும்போது இறுகிய தரையைத் தொட்ட உணர்ச்சி ஏற்படாது. றப்பர்ப் பந்தை மிதித்தது போன்றிருக்கும். விரைவாகப் பலமுறை மிதித்தால் மிதி சிறிது சிறிதாக உயரும். சற்று நேரம் விட்டுவிட்டு மீண்டும் மிதித்தாற் பழையபடி அமிழும். இது குழாய்களிற் காற்றுப் புகுந்ததன் அடையாளம். நீரிறைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயிற் சிறு வெடிப்பு ஏற்பட்டால் இயந்திரம் ஓடினாலும் நீர் ஏறாதிருப்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். அங்கும் இடையூறு செய்வது காற்றே. காற்று தானாக உண்டாவதில்லை. ஒயில் மட்டம் மிகத் தாழ்ந்தமையாலோ, திருத்த வேலைக்காகக் குழாயைக் கழற்றியமையாலோ, தேய்ந்த றப்பரின் வழியாகவோ அது உட்புகுந்திருக்கும். அவ்வழியை அடைக்காது காற்றை வெளியேற்றுவதாற் பயன் நிலைக்காது.

புதிய லைனிங் பொருத்திய பின்னரும் சில நாள்களுக்கு இத்தகைய மென்மை தோன்றலாம். லைனிங்கின் வளைவு டிறத்தின் வளைவுடன் முழுமையாகப் பொருந்தும்வரை அது ஓரிடத்தில் மாத்திரம் தொடுவதே காரணமாகும். பழைய றப்பர்க் குழாய் ஊதி விரிவதும் பஞ்சுபோன்ற மென்மையைத் தரும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் குழாயை விரல்களாற் பற்றிப் பார்த்தால் அது வீங்குவது தெரியும்.

இரண்டாவது குறி: மிதி கீழே சென்று இறுகுதல். முதல் அழுத்தத்தில் மிதி நெடுந்தூரம் செல்லும். அடுத்த அழுத்தத்தில் உயரத்திலேயே கல்போல் இறுகி நிற்கும். இங்கு காற்றும் இல்லை, ஒழுக்கும் இல்லை. லைனிங் தேய்ந்தமையால் அதற்கும் டிறத்துக்கும் இடையேயுள்ள வெளி கூடிவிட்டது. இக்கார்களின் பிறேக்கு, தேய்மானத்துக்கேற்பத் தானாகச் சீராவதில்லை. காலத்துக்குக் காலம் கையாற் சீராக்கல் வேண்டும். மொறிஸ் மைனரின் முன்சில்லுகளில் இரண்டு சூக்களுக்கும் தனித்தனியே திருகு உண்டு. ஒன்றை மாத்திரம் இறுக்கி மற்றையதை விட்டுவிடுதல் பலரிடம் காணப்படும் தவறு. சில்லை ஜக்கினால் உயர்த்தி, அது சுழலாது பிடிக்கும்வரை திருகை இறுக்கிப் பின்னர் ஒரு படி தளர்த்தினால் சில்லு தடையின்றிச் சுழலும். பின்சில்லுகளைச் சீராக்குமுன் கைப் பிறேக்கை விடுவித்தல் அவசியம். அப்பொழுது முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்திருத்தல் இன்னும் அவசியம்.

லைனிங் தறையாணியின் தலையளவுக்குத் தேய்ந்திருந்தாற் சீராக்கிப் பயனில்லை, மாற்றவே வேண்டும். ஓர் அச்சின் இரு பக்கச் சில்லுகளுக்கும் ஒருங்கே மாற்றாவிடின் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

மூன்றாவது குறி: மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்து செல்லுதல். மிதியை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருத்தல் வேண்டும். முதலில் இறுகிய மிதி, காலின் விசை மாறாதிருக்கவும், தரையை நோக்கி மெல்ல இறங்கினால், அமுக்கம் எங்கோ தப்பிச் செல்கின்றது. நான்கு குறிகளிலும் மிகவும் அபாயமானது இதுவே. ஒயில் மட்டமும் குறைந்திருந்தால் ஒழுக்கு வெளியே உள்ளது. மட்டம் குறையாமலும் எங்கும் ஈரம் இல்லாமலும் இருந்தால், மாஸ்ரர் சிலிண்டரினுள்ளே கிண்ண வடிவான றப்பர் தேய்ந்து, ஒயில் அதைக் கடந்து பின்னே திரும்புகின்றது எனக் கொள்ளலாம். மதகுப் பலகை சரியாகப் பொருந்தாதவிடத்துக் குளக்கட்டு உடையாமலே நீர் வழிந்தோடுவதை இதற்கு ஒப்பிடலாம். மூன்றாவது குறி தோன்றிய வண்டியை ஒழுங்கை முகப்பு வரையேனும் ஓட்டுதல் கூடாது.

நான்காவது குறி: நெடும் இறக்கத்தின் பின் மிதி மெலிதல். காலையில் நன்றாக இருந்த மிதி, மலைப்பாதையில் இறங்கியபின் பஞ்சுபோலாகி, வண்டி ஆறியதும் மீண்டும் இறுகினால், சூட்டினால் ஒயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாயின என்பது தெளிவு. இதன் காரணம் பின்னர் விளக்கப்படும்.

மிதி இறுகியிருந்தும் வண்டி நிற்காவிடின் அது வேறு குறை. லைனிங்கில் ஒயிலோ கிறீசோ பட்டிருத்தலும், லைனிங் சூட்டினாற் பளபளத்துப் போயிருத்தலும் அதற்குக் காரணமாகலாம்.

வாயு உதவியுடைய பிற்கால வான்களில் ஒரு வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். மிதியில் காலை வைத்திருக்க இயந்திரத்தைத் தொடக்கினால் மிதி சிறிது தாழும். அது குறையன்று; உதவிக் கருவி வேலை செய்வதன் அடையாளமே.

ஒழுக்கைத் தேடும் முறை

ஒழுக்கை மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து தொடங்கிச் சில்லு வரை ஒழுங்காகத் தேடல் வேண்டும். சிலிண்டர் தரைத்தகட்டின் கீழே இருத்தலால் அதன் ஒழுக்கு சாரதியின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. கீழேயிருந்து விளக்கு வெளிச்சத்திற் பார்த்தல் அவசியம். வண்டியை நிறுத்துமிடத்தில் இரவிற் பழைய கடதாசி விரித்து வைத்தால், காலையில் ஈரம் விழுந்த இடம் ஒழுக்கின் திசையைக் காட்டும். சில்லின் உட்பக்கமும் ரயரின் உட்சுவரும் நனைந்திருந்தாற் சில்லுச் சிலிண்டரின் றப்பர் பழுதுபட்டுள்ளது. அவ்வொயில் லைனிங்கிலும் பட்டிருக்கும்; நனைந்த லைனிங்கைக் கழுவி மீண்டும் பயன்படுத்துதல் தகாது.

உருக்குக் குழாய்களிலே துருவைக் கவனித்தல் வேண்டும். கடற்காற்று வீசும் இடங்களில் இவை விரைவிற் கெடும். மியூறியேற் ஒவ் பொட்டாசு முதலிய குளோரைட்டு உரங்களை ஏற்றும் வண்டியில், மூடையிலிருந்து சிந்திய உரம் ஈரத்துடன் கலந்து தகட்டையும் குழாயையும் அரிக்கும். உரம் ஏற்றிய பின்னர் வண்டியின் உட்புறத்தைக் கூட்டித் துடைத்து, அடிப்புறத்தை நல்ல நீரினாற் கழுவிவிடுதல் குழாய்களின் ஆயுளை நீடிக்கும்.

டிறத்தைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயினால் ஊதுதலோ காற்றுப் பம்பினால் அடித்தலோ கூடாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரசு கலந்திருக்கலாம். அதன் தூசி சுவாசப்பைக்குப் பெருங் கேடு விளைவிக்கும். ஈரத்துணியினால் துடைத்து அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றல் வேண்டும்.

காற்றை வெளியேற்றும் முறை

இவ்வேலைக்கு இருவர் தேவை. மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்கல் வேண்டும். வலப்பக்கச் சாரதி ஆசனமுள்ள நமது நாட்டுக் கார்களில் இடது பின்சில்லு, வலது பின்சில்லு, இடது முன்சில்லு, வலது முன்சில்லு என்பது ஒழுங்காகும்.

1. சில்லின் பின்புறத்திலுள்ள காற்று வெளியேற்றும் திருகைத் துடைத்து, அதில் ஒரு தெளிவான சிறு குழாயைச் செருகுக. குழாயின் மறுமுனை, சிறிது புதிய பிறேக்கு ஒயில் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்ந்திருத்தல் வேண்டும்.

2. ஒருவர் மிதியை மெதுவாக அழுத்தத் தொடங்க, மற்றவர் திருகை அரைச் சுற்றுத் தளர்த்துக. ஒயிலுடன் குமிழிகள் வெளிவரும்.

3. மிதி அடியை அடைந்ததும், காலை எடுக்குமுன்னரே, திருகை இறுக்குக. இவ்வொழுங்கு தவறினால் வெளியேறிய காற்று மீண்டும் உட்செல்லும்.

4. குமிழி முற்றாக நிற்கும்வரை இதனைத் தொடர்க. நாலைந்து மிதிப்புக்கு ஒருமுறை மாஸ்ரர் சிலிண்டரை நிரப்புக. அது வற்றிவிட்டால் முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய நேரிடும்.

போத்தலில் விழுந்த ஒயிலை மீண்டும் பயன்படுத்தலாகாது.

எவ்வகை ஒயில்?

பிறேக்கு ஒயில் என்று வழங்கினும் அது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எண்ணெயன்று. இயந்திர ஒயில், டீசல், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகிய எதனையும் அதற்குப் பதிலாக ஊற்றலாகாது. உறுப்புகளைக் கழுவுதற்கும் மண்ணெண்ணெயைப் பயன்படுத்தலாகாது. மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரத்தைக் கண்டவர்கள் பிறேக்கும் அதைப் பொறுக்கும் என எண்ணுதல் பெரும் பிழை. அது பட்ட றப்பர் ஊதி மென்மையாகிச் சிதையும்; அவ்வாறு நேர்ந்தால் எல்லா றப்பர்களையும் மாற்ற வேண்டிவரும்.

டொட் 3 அல்லது டொட் 4 எனக் குறிக்கப்பட்ட, முத்திரை உடையாத சிறு போத்தலையே வாங்கல் நன்று. சிலிக்கோன் வகையான டொட் 5ஐ இவற்றுடன் கலத்தலாகாது. இவ்வொயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கும், 3.7 வீத நீர் கலந்தபின் 140 பாகையிலும் கொதிக்கத் தொடங்கலாம். டொட் 4 வகைக்கு இவ்வளவுகள் முறையே 230, 155 பாகைகளாகும். நமது ஈரலிப்பான காலநிலையில் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு ஒயிலையும் மாற்றுதல் முறையாகும்.

பிறேக்கு ஒயில் நஞ்சு. சோடாப் போத்தலிலோ தேநீர்க் கோப்பையிலோ அதை ஊற்றி வைத்தலாகாது. பீடைநாசினிகளைப் போலவே பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும். வண்டியின் வர்ணத்திற் பட்டால் உரித்துவிடும். உடனே நீரினாற் கழுவுக.

மலைநாட்டுப் பாதைகள்

கரட், கோவா, போஞ்சி முதலியவற்றை ஏற்றி நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டி 1,000 மீற்றருக்கும் மேலான உயரத்தை ஒரே பயணத்தில் இறங்குகின்றது. பிறேக்கிலே தொடர்ந்து கால் வைத்து இறங்கினால் டிறங்கள் சூடேறி விரியும். மிதி மேலும் கீழே செல்லும். ஈரம் உறிஞ்சிய பழைய ஒயில் அச்சூட்டிற் கொதித்தால் மிதி முற்றாகவே அமிழ்ந்துவிடும். ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறலாமோ அந்தக் கியரிலே இறங்குதல் நல்ல வழக்கம். இயந்திரமே வண்டியை அடக்கிப் பிடிக்க, பிறேக்கை இடையிடையே உறுதியாகப் பிடித்து விடுவித்தல் வேண்டும். எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குதல் உயிருக்கு உலை வைக்கும் செயலாகும்.

ஓடும்போது மிதி தாழ்ந்தால்

அவ்வேளையில் மாத்திரம் விரைவாகப் பலமுறை மிதித்தல் பொருத்தமானது. அத்துடன் கியரைப் படிப்படியாகக் குறைத்தலும், கைப் பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தலும் வேண்டும். அதனைச் சட்டென்று முழுவதும் இழுத்தால் பின்சில்லுகள் பூட்டி வண்டி சுழலக்கூடும். ஒலியெழுப்பி மற்றையோரை எச்சரித்து, ஆட்களில்லாத ஓரமாகவோ ஏற்றமான பக்கமாகவோ வண்டியைச் செலுத்துக. நின்றபின் அவ்வண்டி இழுத்துச் செல்லப்படுவதன்றி ஓட்டப்படுதல் கூடாது. மூடைகளை வேறு வண்டிக்கு மாற்றும் கூலியை நட்டமெனக் கருதலாகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பஞ்சுபோன்ற மிதி காற்றையும், தாழ்ந்து இறுகும் மிதி தேய்ந்த லைனிங்கையும், மெல்ல இறங்கும் மிதி ஒழுக்கையும், இறக்கத்தின் பின் மெலியும் மிதி கொதித்த ஒயிலையும் காட்டும்.

2. குறைந்த ஒயிலை நிரப்புமுன் அது சென்ற வழியைத் தேடுக.

3. சீராக்கலைக் கமக்காரர் தாமே கற்றுச் செய்யலாம். மாஸ்ரர் சிலிண்டரையும் சில்லுச் சிலிண்டர்களையும் பிரித்துப் பூட்டும் வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுதல் வேண்டும். கண்ட குறியை அவருக்குத் தெளிவாகக் கூறினால் வேலையும் செலவும் குறையும்.

4. உரமிட்ட திகதியைக் குறித்து வைப்பதுபோல, ஒயில் மாற்றிய திகதியையும் சீராக்கிய திகதியையும் கொப்பியிற் குறித்து வைக்குக.

5. நாள்தோறும் இயந்திரத்தைத் தொடக்குமுன் மிதியை ஒருமுறை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்குக. மிதி இறங்கினால், மூடைகள் ஏற்றப்பட்டிருப்பினும் வண்டி வளவுக்குள்ளேயே நிற்கட்டும். வெங்காயத்தை நாளையும் விற்கலாம்.